கணினியின் இரைச்சலும் எங்கள் கைகளும்

தையல் மெசின் சத்தம் போட்டால் எந்த இடத்தில் ஒயில் விடவேண்டும் என்பது எங்களில் பலருக்குத் தெரியும். சைக்கிள் செயின் கழன்றால் நாங்களே கொழுவிக்கொள்வோம். ஆனால் கணினி சத்தம் போட்டால் மட்டும், அது எங்களுக்கு விளங்காத பொருள் என்று ஒதுங்கி நிற்கிறோம். அதற்குள்ளும் தேய்கின்ற, தூசு படிகின்ற, மாற்றக்கூடிய பாகங்களே இருக்கின்றன.

கிளிநொச்சி மாவட்டத்தில் எனது வீட்டின் முன் அறையில் சிறிய தட்டச்சுக் கடை வைத்திருக்கிறேன். 2010இல் மீளக்குடியேறிய பின்னர், குடும்பத்தைத் தனியாகக் கொண்டு நடத்த நான் தேடிக்கொண்ட தொழில் இது. பாவித்த கணினி ஒன்றும் பிரின்டர் ஒன்றும்தான் எனது முதல். விண்ணப்பங்கள், பிள்ளைகளின் பாடசாலை வேலைகள், காணாமல் ஆக்கப்பட்டவர்களைத் தேடும் உறவினர்களின் மனுக்கள் என்று பலதும் அடித்துக் கொடுப்பேன்.

சில காலத்தின் பின் கணினியை இயக்கியதும் ‘கர்ர்’ என்று ஒரு சத்தம் வரத் தொடங்கியது. முதலில் காலையில் மட்டும் கேட்டது. பிறகு நாள் முழுவதும் இரைந்தது. மகனைப் பற்றிய மனு எழுதுவிக்க வந்த ஓர் அம்மா, சொல்லிக்கொண்டிருந்ததை இடையில் நிறுத்திவிட்டார். “பிள்ளை, உது வண்டு சுத்துற மாதிரிக் கிடக்குது. நிப்பாட்டிப்போட்டு எழுதேலாதோ?” என்றார். வன்னியில் இருந்தவர்களுக்கு அது விளங்கும். ஆளில்லா வேவு விமானத்தை நாங்கள் வண்டு என்றே சொன்னோம். அன்று கணினியை நிறுத்திவிட்டு, அவர் சொன்னதைக் கொப்பியில் கையால் எழுதிக்கொண்டேன். இந்தச் சத்தத்தை இனிமேல் வைத்திருக்கக் கூடாது என்று அப்போதே முடிவு செய்தேன்.

சத்தம் எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் அறியவேண்டும். கணினிக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட மின்விசிறிகள் இருக்கும். கடதாசியைக் குழலாகச் சுருட்டி, பெட்டிக்கு வெளியே ஒவ்வொரு பக்கமாகப் பிடித்துக் காதை வைத்துக் கேட்டேன். பின்பக்கம், மின்வயர் பொருத்தும் பவர் சப்ளைப் பெட்டியில்தான் சத்தம் கூடுதலாக இருந்தது. அதன் விசிறியில் எண்ணெய் காய்ந்து, தேய்மானம் வந்தால் இப்படி இரையும். அது நின்றுபோனால் சூடு வெளியேறாமல் பவர் சப்ளையே பழுதாகிவிடும்.

எங்கள் ஊரில் மின்வேலை படித்த தம்பி ஒருவரைக் கூப்பிட்டேன். “அக்கா, பவர் சப்ளையை முழுதாயும் மாத்தலாம், விசிறியை மட்டும் மாத்தினாலும் காணும்” என்றார். விசிறி மட்டுமென்றால் செலவு குறைவு. “நீர் பக்கத்தில இருந்து சொல்லும், நான் செய்யிறன்” என்றேன்.

இதில் ஓர் ஆபத்து உண்டு. எங்கள் வீட்டு மின்சாரம் 230 வோல்ற். பவர் சப்ளைக்குள் இருக்கும் பெரிய கொள்ளளவிகளில் அது ஏறக்குறைய 325 வோல்ற் நேர்மின்னாகச் சேர்ந்திருக்கும். வயரைக் கழற்றிய பின்னரும் அது உடனே இறங்காது. உயிருக்கே ஆபத்தாகலாம். ஆகவே வயரைக் கழற்றி நீண்ட நேரம் விட்டோம். மூடியைத் திறந்ததும், எதையும் தொடுவதற்கு முன்னர் தம்பி மீற்றரால் அளந்து, மின் இறங்கிவிட்டது என்று உறுதிசெய்தார். மின்வேலை படித்த ஒருவர் அருகில் இல்லாவிட்டால் அந்த மூடியைத் திறக்கவே வேண்டாம். பெட்டியை முழுதாக மாற்றுவதே நல்லது.

பழைய விசிறி 8 சென்ரிமீற்றர் அகலம், 12 வோல்ற். அதே அளவில், அதே வோல்ற்றில், லேபிளில் உள்ள மின்னோட்டமும் ஒத்ததாகப் புதியதை வாங்கியிருந்தோம். உள்ளே பஞ்சுபோல் படிந்திருந்த செம்மண் தூசை மெல்லிய பிரஸ்ஸால் தட்டினேன். நான்கு ஸ்குரூக்களைக் கழற்றி, காற்று முன்போலவே வெளியே போகும்படி புதியதைப் பொருத்தினேன். சிவப்பு வயரைச் சிவப்புடனும் கறுப்பைக் கறுப்புடனும் இணைத்து, மூட்டுகளை நன்றாக மூடி, வயர் இதழ்களில் படாமல் கட்டினேன். மூடியைப் பூட்டிய பின்னரே மின்சாரம் கொடுத்தோம். விசிறி சுற்றியது, இரைச்சல் இல்லை. மறுநாள் அந்த அம்மாவின் மனுவை அடித்து முடித்தேன்.

சகோதரிகளே, தொழிலுக்கென்று கடனோ உதவியோ பெற்று ஒரு பொருளை வாங்குகிறோம். அதைப் பராமரிக்கவும் சேர்த்துப் பழகிக்கொண்டால்தான் அது எங்களுக்குச் சோறு போடும். திருத்த வருபவரிடம் வேலையை ஒப்படைத்துவிட்டு அடுப்படிக்குப் போகாதீர்கள். பக்கத்தில் இருந்து பாருங்கள், கேளுங்கள். எதை நாமே தொடலாம், எதைத் தொடக்கூடாது என்ற இரண்டையும் அப்போதுதான் தெரிந்துகொள்ள முடியும்.