பழைய கம்ப்யூட்டருக்கு ஒரு புது ஹார்ட் டிஸ்க்



"இன்னும் அந்தப் பழைய கம்ப்யூட்டரையா வைத்திருக்கிறீர்கள் சார்?" என்று உங்களில் சிலர் கேட்கிறீர்கள். ஆமாம், 2012இல் வாங்கிய அதே பெட்டிதான். போன வாரம் அதற்குள் 1 டிபி ஹார்ட் டிஸ்க் ஒன்றைக் கூடுதலாகப் பொருத்தினேன். இது சிலருக்குப் பயன்படலாம் என்பதால் விவரமாக எழுதுகிறேன். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

பணி ஓய்வுக்குப் பிறகு நம் பள்ளியின் ஆண்டு விழாப் படங்கள், எட்டாம் வகுப்பு குரூப் போட்டோக்கள் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்து சேர்த்து வருகிறேன் என்பது உங்களுக்குத் தெரியும். உங்கள் கல்யாணப் படங்களும் பேரப்பிள்ளைகளின் வீடியோக்களும் சேர்ந்து, இருந்த 500 ஜிபி நிரம்பிவிட்டது. கடைக்காரத் தம்பி, "இதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு வாங்குங்க சார்" என்றார். ஓடுகிற வண்டியை எதற்குத் தூக்கிப் போட வேண்டும்? குறைவது இடம் மட்டும்தானே.

சில மாதங்களுக்கு முன் ஒரு மாணவி போன் செய்தாள். அவள் அப்பா காலமாகிவிட்டார். மாலை போட்டு மாட்ட, அடையாள அட்டையில் இருக்கும் மங்கிய படத்தைத் தவிர வீட்டில் வேறு படமே இல்லையாம். 1997 ஆண்டு விழாவுக்குப் பந்தல் போட்டது அவர்தான். தேடினேன். ஒரு படத்தின் ஓரத்தில் மூங்கிலைப் பிடித்தபடி சிரித்துக்கொண்டு நிற்கிறார். அனுப்பி வைத்தேன். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்தப் படத்தின் மூலப் பிரதி கறையான் அரித்துப் போனது. மிச்சம் இருப்பது இந்த ஒரு ஹார்ட் டிஸ்க்கில்தான். இதுவும் போனால்?

இனி வேலைக்கு வருவோம். வாங்குவதற்கு முன் பெட்டியைத் திறந்து மூன்றைப் பாருங்கள்: மதர்போர்டில் காலியான சாட்டா இணைப்பு, பவர் சப்ளையிலிருந்து வரும் உபரி சாட்டா ஒயர், டிஸ்க்கை வைக்கக் காலியான தட்டு. மூன்றும் இருந்தால் கவலையில்லை. நாடா போன்ற அகலமான கேபிள் மட்டும் இருந்தால் அது இன்னும் பழைய ஐடிஇ வகை. அதற்கு சாட்டா டிஸ்க் நேரடியாகப் பொருந்தாது. மேசைக் கணினிக்கு 3.5 அங்குல டிஸ்க்கைக் கேட்டு வாங்குங்கள். சிறிய டேட்டா கேபிளைத் தனியாக வாங்க வேண்டியிருக்கும்.

சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். முதலில் பெட்டியின் இரும்புப் பகுதியைத் தொடுங்கள். உடம்பில் உள்ள நிலை மின்சாரம் இறங்கிவிடும். சாட்டா முனை 'எல்' வடிவில் இருப்பதால் ஒரு பக்கமாகத்தான் நுழையும். அழுத்தித் திணிக்காதீர்கள். டிஸ்க் ஆடாமல் திருகு போட்டு இறுக்குங்கள்.

கம்ப்யூட்டரை ஓட விட்டதும் புது டிஸ்க் தெரியாது. பயப்பட வேண்டாம். 'டிஸ்க் மேனேஜ்மென்ட்' திறந்து, புது டிஸ்க்கை 'இனிஷியலைஸ்' செய்து, 'நியூ சிம்பிள் வால்யூம்' கொடுத்து, என்டிஎஃப்எஸ் முறையில் ஃபார்மட் செய்ய வேண்டும். 2 டிபிக்கு மேற்பட்ட டிஸ்க் என்றால் ஜிபிடி என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஃபார்மட் கொடுக்கும் முன் அது புது டிஸ்க்தானா என்று அளவைப் பார்த்து இரண்டு முறை சரிபாருங்கள். பழையதை ஃபார்மட் செய்தால் எல்லாம் போச்சு.

1 டிபி வாங்கினால் திரையில் 931 ஜிபி என்றுதான் காட்டும். கடைக்காரரோடு சண்டைக்குப் போகாதீர்கள். கம்பெனிக் கணக்கில் 1 டிபி என்பது ஒரு லட்சம் கோடி பைட். விண்டோஸ் அதை 1024ஆல் மூன்று முறை வகுத்துச் சொல்கிறது. என் கணக்குப் பிள்ளைகள் போட்டுப் பாருங்கள், விடை சரியாக வரும்.

முக்கியமானது இனிமேல்தான். புது டிஸ்க்குக்குப் படங்களை மாற்றிவிட்டுப் பழையதில் அழித்துவிட்டால், மறுபடியும் ஒரே பிரதிதான். இடம் கூடியிருக்கும், பாதுகாப்பு கூடியிருக்காது. அதனால் படங்களை இரண்டிலும் வைத்திருக்கிறேன்; இடத்துக்காகப் பழையதிலிருந்து அழித்தது மறுபடி கிடைக்கக்கூடிய சினிமாக்களையும் பாட்டுகளையும் மட்டும். ஆனால் இரண்டு டிஸ்க்கும் ஒரே பெட்டிக்குள் இருக்கின்றன. இடி மின்னலில் மின்சாரம் ஏறி இறங்கினால் இரண்டும் சேர்ந்தே போகலாம். எனவே மூன்றாவது பிரதி ஒன்றை வெளியில் செருகும் டிஸ்க்கில் ஏற்றி மகள் வீட்டில் கொடுத்து வைத்திருக்கிறேன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதைத் திறந்து பார்ப்பதாகத் திட்டம். உங்கள் டிஸ்க்கிலிருந்து 'டக் டக்' என்று சத்தம் வந்தால், மற்ற வேலையை விட்டுவிட்டு முதலில் படங்களை வேறு இடத்துக்கு எடுத்துவிடுங்கள்.

இப்போது இடம் நிறைய இருக்கிறது. 1990க்கு முந்தைய பள்ளிப் படங்கள் என்னிடம் குறைவு. உங்கள் வீட்டுப் பரணிலோ டிரங்குப் பெட்டியிலோ இருந்தால் ஸ்கேன் செய்து அனுப்புங்கள். முடியாதவர்கள் கொண்டு வாருங்கள், நானே செய்து தருகிறேன். படத்தில் இருப்பவர்களின் பெயர்களை வரிசையாக எழுதி அனுப்ப மறக்காதீர்கள். அடுத்த தலைமுறைக்கு முகம் கிடைத்தும் பெயர் தெரியாமல் போய்விடக் கூடாது.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்