ஃப்ரீ பண்றது யாரு?

சி லைப்ரரிக்கு டாக்குமென்டேஷனைத் தனியா உட்கார்ந்து டைப் பண்ண வேண்டாம். டாக்ஸிஜன் 1997-லிருந்து இருக்கு. ஃபங்ஷனுக்கு மேலே ஸ்லாஷ், ரெண்டு ஸ்டார் போட்டு கமென்ட் எழுதினால், அதுவே ஹெச்டிஎம்எல் பக்கமாக்கிக் கொடுத்துடும். பாராமீட்டர் பேரை மாற்றிட்டு கமென்ட்டை அப்படியே விட்டால் வார்னிங் கூட வரும். எங்க டீம்ல யாரும் இவ்வளவு ஒழுங்கா ரிவ்யூ பண்றதில்லை!

ஆனா ஸ்ட்ர்டப், கெட்என்வ் ரெண்டையும் பாருங்க. இரண்டும் திருப்பித் தருவது கேரக்டர் பாயிண்டர்தான். முதலாவது தந்த மெமரியை நீங்கதான் ஃப்ரீ பண்ணணும், இல்லைன்னா லீக். இரண்டாவது தந்ததை ஃப்ரீ பண்ணவே கூடாது. பண்ணினால் புரோகிராம் கிராஷ் ஆகலாம். டிக்ளரேஷனை மட்டும் படித்தால் இந்த வித்தியாசம் உங்களுக்கும் தெரியாது, டாக்ஸிஜனுக்கும் தெரியாது.

எங்க ஃபைனல் இயர் புராஜெக்ட் லைப்ரரியில் இப்படிப் பாயிண்டர் தரும் ஃபங்ஷன் 14 இருக்கு. மே மாசம் நாங்க கிளம்பிடுவோம். அடுத்த பேட்ச் கையில் இந்தப் பக்கங்கள்தான் இருக்கும். 'எக்ஸ்ட்ராக்ட் ஆல்' ஆப்ஷனை யெஸ் ஆக்கினால் கமென்ட் இல்லாத ஃபங்ஷனும் பக்கத்தை ரொப்பிடும், சப்மிஷனும் கனமா தெரியும். நான் நோ-வில் வெச்சிருக்கேன். எதுக்கு கமென்ட் இல்லைன்னு அப்பதான் அது சொல்லும். யார் ஃப்ரீ பண்ணணும் என்கிற ஒரு வரியை மட்டும் ஒவ்வொன்றுக்கும் கையால எழுதிட்டு வர்றேன். இன்னும் அஞ்சு பாக்கி.