ஏரிக்கரையும் எங்கள் கூடமும்

கொல்கத்தாவில் குடியேறிய தமிழருக்கு லேக் மார்க்கெட்டும் அதற்கு அருகிலுள்ள ஏரியும் இரு கண்கள் போன்றவை. முன்னர் டாக்குரியா ஏரி எனப்பட்டு, 1958-இல் ரவீந்திர சரோவர் என்று பெயர் பெற்ற அந்நீர்நிலையின் கரையில், வைகறைதோறும் முதியோர் நடப்பதும் கைவீசிப் பயில்வதும் கண்கொள்ளாக் காட்சியாகும்.

சென்ற ஆண்டு மழைக்காலத்தில் அங்கே வழுக்கி விழுந்த எங்கள் அன்னையார், அதன்பின் வாயிற்படியைத் தாண்ட மறுத்துவிட்டார். எலும்பு கூடிற்று, அச்சம் அகலவில்லை.

எங்கள் மகன் தன் பழைய நிண்டெண்டோ வீ கருவியைக் கூடத்துத் தொலைக்காட்சியுடன் இணைத்தான். 2006-இல் வெளிவந்த அவ்விளையாட்டுக் கருவியின் கைப்பிடி, நம் அசைவை உணரவல்லது. கையை வீசினால் திரையில் பந்து உருளும். அன்னையார் முதலில் அமர்ந்தே வீசினார். சில வாரங்களில் நாற்காலியின் முதுகைப் பற்றி நின்று வீசினார். “பாட்டியிடம் தோற்றேன்!” என்று பேரன் கூவியபோது, நெடுநாளைக்குப் பின் அவர் நகைக்கக் கேட்டோம்.

அறுபத்தைந்து வயதைக் கடந்தோர் வாரத்தில் மூன்று நாளேனும் உடற்சமநிலையும் வலிவும் தரும் பயிற்சி செய்தல் வேண்டுமென உலக சுகாதார நிறுவனம் 2020-இல் அறிவுறுத்தியது. திரை விளையாட்டு ஏரிக்காற்றுக்கு ஈடாகாது; ஆயினும் ஏரிக்குச் செல்லும் துணிவை அளித்தது. கார்த்திகை பிறந்ததும் அன்னையார் எங்கள் தோளைப் பற்றியவாறு கரையோரம் சிறிது தூரம் நடந்தார்.

மறுநாள், எங்களுக்கு முன்னரே செருப்பணிந்து வாயிலில் நின்றார்.