பூசாத சுவர்

நம் ஊரில் ஒரு சுவர் பூசாமல் நின்றால், கைக்காசு தீர்ந்துவிட்டது என்றுதான் தெருவே நினைக்கும். கான்கிரீட்டை அப்படியே விட்டுவிடலாம் என்று கட்டடக் கலைஞர் சொன்னதும், "பூச்சு எப்ப சார் ஆரம்பிக்கும்?" என்று வீட்டுக்காரர் கேட்பது இதனால்தான். பூச்சுச் செலவு மிச்சம் என்று நினைத்துச் சம்மதிப்பவர்களும் உண்டு. உண்மையில் மிச்சமாவது ஒன்றுமில்லை. பூச்சு என்பது தவறுகளை மூடக் கிடைக்கும் இரண்டாவது வாய்ப்பு. அதை விட்டுக்கொடுத்த பிறகு, முதல் வார்ப்பிலேயே எல்லாம் சரியாக அமைந்தாக வேண்டும்.

கான்கிரீட்டுக்கு என்று சொந்த முகம் கிடையாது. எதற்குள் ஊற்றுகிறார்களோ அதன் முகத்தைத்தான் அது வாங்கிக்கொள்கிறது. மரப்பலகை என்றால் ரேகையும் முடிச்சும் பதியும். பிளைவுட் என்றால் வழவழப்பு, இரும்புத் தகடு என்றால் ஒருவிதப் பளபளப்பு. ஆகவே பூசாத சுவரின் அழகு பூச்சுக் கொத்தனாரின் கையிலிருந்து சென்ட்ரிங் ஆசாரியின் கைக்குப் போய்விடுகிறது. எப்படியும் பிரித்துப் போடப்போகிற பலகைதானே என்று ஆணி அடித்துப் பழகியவர், அலமாரி செய்யும் கவனத்தோடு இதைச் செய்ய வேண்டியிருக்கிறது. அதற்கேற்ற கூலியும் நேரமும் அவருக்குக் கிடைக்கிறதா என்பதிலேயே பாதி வேலை தீர்மானமாகிவிடும்.

புதுப் பலகையை அப்படியே பயன்படுத்தினால் தொல்லை. மரத்திலுள்ள சர்க்கரைச் சத்து சிமென்ட் இறுகுவதைத் தாமதப்படுத்தும். மேல்தோல் மாவாக உதிரும், நிறமும் மாறும். பழைய பலகையும் புதியதும் கலந்து அடித்த சுவர் திட்டுத்திட்டாகத் தெரிவது இதனால்தான். விவரம் தெரிந்தவர்கள் புதுப் பலகைக்கு முதலில் சிமென்ட் பால் அடித்து, காயவிட்டு, சுரண்டி எடுத்த பிறகே வேலைக்கு எடுப்பார்கள். அடுத்தது இணைப்பு. இரண்டு பலகைக்கு நடுவே கொஞ்சம் இடைவெளி இருந்தாலும் சிமென்ட் பால் அதன் வழியே கசிந்துவிடும். அந்த இடத்தில் ஜல்லி மட்டும் பல்லிளித்துக்கொண்டு நிற்கும். வைப்ரேட்டரைச் சரியாக விடாவிட்டாலும் இதே கதிதான். ஊசியைச் செங்குத்தாக இறக்கி, காற்றுக்குமிழ் வருவது நின்றதும் மெதுவாக மேலே இழுக்க வேண்டும். அவசரமாக உருவினால் அது நின்ற இடம் குழியாகவே தங்கிவிடும்.

இந்தக் கசிவை அமெரிக்கக் கட்டடக் கலைஞர் லூயி கான் எதிர்கொண்ட விதம் தனி. கலிஃபோர்னியாவின் லா ஹோயாவில் 1965இல் முடிந்த சால்க் ஆய்வு நிலையத்தில், பிளைவுட்டுகள் சேரும் விளிம்புகளை அவர் சரிவாகச் சீவச் சொன்னார். கசியும் கலவை அந்தப் பள்ளத்தில் தேங்கி, சுவரில் நேரான மெல்லிய வரப்பாக உறைந்தது. பலகைகளை இறுக்கிய கம்பிகள் விட்டுச்சென்ற துளைகளை மூடி மறைக்காமல் ஈயம் வைத்து அடைத்தார். சுவர் எப்படி வார்க்கப்பட்டது என்பதை இன்றைக்கும் அதன் முன்னே நின்று படித்துவிடலாம். ஜப்பானின் தடாவோ ஆண்டோ இதையே ஒரு ஒழுங்காக்கினார்: 900க்கு 1800 மி.மீ. பலகை, ஒவ்வொன்றிலும் ஆறு துளை.

கட்டடக் கலைஞர் பீட்டர் ஜும்தோர் நேர் எதிர்த் திசையில் போனார். ஜெர்மனியில் வாகெண்டார்ஃப் கிராமத்து வயல்வெளியில் 2007இல் எழுந்த புரூடர் கிளாவுஸ் சிற்றாலயத்துக்கு, 112 மரத்தண்டுகளைக் கூடாரம்போல் சாய்த்து நிறுத்தினார்கள். அதைச் சுற்றி 50 சென்டிமீட்டர் கனத்தில் ஒவ்வொரு அடுக்காக, மொத்தம் 24 அடுக்குக் கான்கிரீட்டை இடித்து இறுக்கினார்கள். பிறகு உள்ளே கனல் மூட்டி, மூன்று வாரம் புகையவிட்டு, தண்டுகளை எடுத்தார்கள். தண்டுகள் போன இடம் உட்சுவரில் கருகிய வரிப்பள்ளங்களாக நிற்கிறது. வெளிச்சுவரில் அடுக்கடுக்காக மண்நிறக் கோடுகள். ஒரே சுவரின் இரண்டு பக்கமும் இரண்டு வேலைமுறைகளைச் சொல்கின்றன. கான்கிரீட் குளிர்ந்தது, உயிரற்றது என்பவர்கள் இந்த ஆலயத்தின் படங்களையாவது ஒருமுறை பார்க்க வேண்டும்.

நமக்கு இதெல்லாம் தூரத்துச் சங்கதியும் இல்லை. புதுச்சேரியில் அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டா விடுதி, 1930களின் பிற்பகுதியில் வேலை தொடங்கிய கட்டடம். 1920களிலேயே தோக்கியோவில் தன் வீட்டைப் பூசாத கான்கிரீட்டில் கட்டியிருந்த கட்டடக் கலைஞர் ஆன்டனின் ரேமண்டின் வடிவமைப்பு. களத்தில் நின்று வேலையை நடத்தியவர்களில் ஒருவர், பின்னாளில் மரச்சாமான்களுக்குப் புகழ்பெற்ற ஜார்ஜ் நகாஷிமா. கட்டுமானத் தொழில் தெரியாத ஆசிரமவாசிகளே பெரும்பகுதி உழைத்தார்கள். வெளியே கான்கிரீட் தன் நிறத்திலேயே இருக்கிறது. உள்ளே போனால் கிளிஞ்சல் சுண்ணாம்பில் இழைத்த வெள்ளைச் சுவர், கால்களுக்குக் கீழே கறுத்த கடப்பைக் கல். பக்தர்கள் தந்த பித்தளைப் பாத்திரங்களை உருக்கிக் கதவுக்கான பிடிகளையும் கீல்களையும் அங்கேயே வார்த்தார்கள். பூச்சை வெறுத்த கட்டடம் அல்ல அது. பூச வேண்டிய இடத்தில் நம் பக்கத்துக் கொத்தனார்களின் மிகச் சிறந்த பூச்சும், தேவையில்லாத இடத்தில் வெறும் கான்கிரீட்டும் இருக்கின்றன. இன்றைய வடிவமைப்பாளர்கள் பலர் இந்த இரண்டாவது பாதியை மட்டும் எடுத்துக்கொள்வது வருத்தத்துக்குரியது.

கடலோரத்தில் இன்னொரு கவலையும் சேரும். பூச்சில்லாத சுவரில் கம்பிக்கும் உப்புக்காற்றுக்கும் நடுவே இருப்பது கவரிங், அதாவது கம்பியை மூடும் கான்கிரீட்டின் கனம், மட்டும்தான். கடலோரச் சூழலுக்கு இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 456 கேட்பது 45 மி.மீ.; கவர் பிளாக்குக்குப் பதிலாக உடைந்த ஜல்லியைச் சொருகினால் அது எங்கே கிடைக்கும்? கம்பி துருப்பிடித்து உப்பி, கான்கிரீட்டையே பெயர்த்துத் தள்ளும். சன்ஷேடின் அடியில் மழைநீர் சொட்டி விழ ஒரு சிறு பள்ளம் விட மறந்தால், இரண்டே மழைக்காலத்தில் சுவரெல்லாம் கறுப்பாக வழியும்.

பொறுப்பாகச் செய்கிற இடங்களில், வேலை தொடங்குமுன் ஓர் ஆள் உயரத்துக்கு மாதிரிச் சுவர் ஒன்றை வார்த்துவிடுகிறார்கள். அதே பலகை, அதே சிமென்ட், அதே ஆட்கள். வீட்டுக்காரர், மேஸ்திரி, ஆசாரி மூவரும் அதன் முன்னே நின்று எந்தக் குமிழைப் பொறுக்கலாம், எந்தக் கறை கூடாது என்று பேசி முடிக்கிறார்கள். கடைசித் தளத்தின் சென்ட்ரிங் பிரிக்கும்வரை அந்தச் சுவரை யாரும் இடிப்பதில்லை.