அப்பத்தாவுக்குச் சேர்த்த மைல்கள்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் கணக்குப் பிரிவில் 34 வருடம் இருந்தவன் நான். ஒரு ரூபாய் வரவு என்றாலும் எங்கிருந்து வந்தது என்று பார்க்காமல் விடமாட்டேன். அதனால், சிங்கப்பூரில் வேலை பார்க்கும் என் மகன், "பேங்க்ல வரவு செலவு பண்ணினாலே பிளேன் டிக்கெட் கிடைக்குதுங்கப்பா" என்றபோது சந்தேகம்தான் வந்தது.

அங்கே யூஓபி வங்கி, சிங்கப்பூர் ஏர்லைன்ஸுடன் சேர்ந்து கிரிஸ்ஃப்ளையர் கணக்கு என்று ஒன்று வைத்திருக்கிறது. இவன் சம்பளம் அதில் விழும். மளிகை, பஸ், ரயில், போன் பில் எல்லாம் அந்தக் கணக்கின் கார்டில்தான். வட்டி பேருக்குத்தான். அதற்குப் பதில் மைல் ஏறும்.

இந்த மைல் கணக்கை அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 1981-ல் ஆரம்பித்தபோது, பறந்தால்தான் மைல். இப்போது வங்கிகள் விமானக் கம்பெனியிடம் மைலை மொத்தமாக விலைக்கு வாங்கி நமக்குக் கொடுக்கின்றன. கார்டு தேய்க்கும்போது கடைக்காரர் கட்டும் கமிஷன்தான் பெரும்பாலும் அதற்கு மூலதனம். இது புரிந்த பிறகுதான் எனக்குச் சமாதானம் ஆயிற்று.

அவனிடம் ஒன்று மட்டும் சொன்னேன். "கட்டிங் டேபிளுக்குக் கீழே விழுகிற பனியன் வேஸ்ட்டையும் கிலோ போட்டு விற்கிறோம். ஆனால் வேஸ்ட் விழட்டும் என்று எவனாவது துணியை வெட்டுவானா? மைலுக்காகச் செலவு பண்ணாதே." அங்கே கிரெடிட் கார்டில் பாக்கி வைத்தால் வருடத்துக்கு 25 சதவீதத்துக்கு மேல் வட்டி. எத்தனை மைல் வந்தாலும் அதற்கு ஈடாகாது.

அவன் அந்த மைல்களைச் சேர்த்தது என் அம்மாவுக்காக. கோயமுத்தூரிலிருந்து நேராகப் போகும் ஸ்கூட் விமானத்தில் முழங்காலை மடக்கி நாலு மணி நேரம் அம்மாவால் உட்கார முடியாது. கொச்சியிலிருந்து சிங்கப்பூர் ஏர்லைன்ஸில் காலை நீட்டிப் படுக்கிற சீட்டில் அப்பத்தாவைக் கூட்டிப்போக வேண்டும் என்பது அவன் கணக்கு. ஐந்து பேர் வரை நாமினியாகப் போட்டு, நம் மைலில் அவர்களுக்கு டிக்கெட் எடுக்கலாமாம். முதலில் அப்பத்தா பெயரைத்தான் போட்டான்.

தள்ளிப்போட்டது நான். முதல் வருடம் பாஸ்போர்ட். அடுத்த வருடம் வீட்டு வேலை. அப்புறம் ஒரு கல்யாணம். "மைலுக்கு மூணு வருஷம்தாங்கப்பா கெடு, அதுக்கப்புறம் காலாவதி" என்று அவன் சொன்னான். டைரியில் அந்தத் தேதியைக் குறித்து வைத்துக்கொண்டேன். 84 வயது அம்மாவைப் பற்றி அப்படி ஒரு யோசனை எனக்கு வரவில்லை.

ஒரு நாள் காலை வாசலில் வழுக்கி விழுந்தார். இடுப்பு எலும்பு முறிந்தது. பையனுக்கு போன் போட்டேன். கடைசி நேர டிக்கெட் விலை மலைக்க வைத்தது. நல்லவேளை, மைலுக்கு விடும் சீட் ஒன்று அன்றிரவு விமானத்தில் இருந்தது. எப்போதும் இருக்காது. வரியை மட்டும் கையிலிருந்து கட்டிவிட்டு, கொச்சியில் இறங்கி, பாலக்காடு வழியாக டாக்சியில் விடிவதற்குள் ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டான்.

"பிளேனுக்கு எவ்வளவு குடுத்தே சாமி?" என்று அம்மா கேட்டார்.

"காசே குடுக்கலீங்க அப்பத்தா. மளிகைக்கடையில சாமான் வாங்குனதுக்கே டிக்கெட் குடுத்துட்டாங்க."

"அந்தக் கடைக்காரன் நல்லா இருக்கோணும்" என்றார் அம்மா. கமிஷன் கணக்கு தெரியாமலே சரியான ஆளைத்தான் வாழ்த்தினார்.

ஒன்பது நாள் கூடவே இருந்து கஞ்சி ஊட்டிவிட்டுத்தான் திரும்பினான். அடுத்த மாதம் அம்மா போய்விட்டார்.

மிச்ச மைல்களில் எனக்கும் என் வீட்டம்மாவுக்கும் தை மாதத்துக்கு டிக்கெட் போட்டிருக்கிறான். முழங்கால் வலி, வீட்டைப் பார்த்துக்க ஆளில்லை என்று வீட்டம்மா இழுத்தாள். இந்த முறை நான் கேட்கவில்லை. உங்கள் பிள்ளைகளும் இப்படி எதையாவது சேர்த்து வைத்திருந்தால், கெடு எப்போது என்று இன்றைக்கே கேட்டுவிடுங்கள்.