துவர்ப்பு காயும் காலம்

பெர்சிமன் பழத்தை மரத்திலிருந்து திருகிப் பறித்தால் வேலை கெட்டது. காம்புக்கு இருபுறமும் கொஞ்சம் கொப்பு நிற்கும்படி கத்தரிக்கோலால் வெட்டி எடுக்க வேண்டும். அந்தத் துண்டுக் கொப்புதான் கொக்கி. கயிற்றின் முறுக்கைப் பிரித்து அதைச் செருகிவிட்டால் பழம் வாரக்கணக்கில் தொங்கும். கொப்பில்லாத பழம் எவ்வளவு திரட்சியாக இருந்தாலும் தனிக் கூடைக்குப் போய்விடுகிறது.

ஜப்பானின் யமனாஷி மாநிலத்தில், கோஷூ நகரின் மட்சுசாதோ பகுதியில் பெர்சிமன் உலர்த்துவது பழைய தொழில். டோக்கியோவின் ஷின்ஜுக்குவில் விரைவு ரயில் ஏறினால் ஒன்றரை மணி நேரத்தில் என்சான் நிலையம். நவம்பரில் இறங்குகிறவர்கள் பலர் கழுத்தில் கேமராவோடு எரின்ஜி கோயில் பக்கம் நடக்கிறார்கள். பதினாறாம் நூற்றாண்டுப் போர்ப்பிரபு தக்கேதா ஷிங்கெனின் கோயில் அது. 1582-இல் தக்கேதா குலத்தின் எதிரி ஓடா நோபுனாகாவின் படை அதை எரித்தது, பிறகு அது மீண்டும் எழுந்தது. அதைச் சுற்றியுள்ள வீடுகளின் முகப்பில் கூரை முதல் தரை வரை தொங்கும் பழங்களின் ஆரஞ்சுத் திரை. அதைப் படமெடுக்கப் பத்து நிமிடம் போதும். வேலையில் பெரும்பகுதி நடப்பதோ மற்ற மாதங்களில். அதனால்தான் நான் ஜனவரியிலிருந்தே போகத் தொடங்கினேன்.

ஜனவரியில் மரம் கறுத்து, மொட்டையாக, பார்க்கச் சகிக்காமல் நிற்கும். நான் போய்வந்த வீட்டின் மூத்த அம்மாளும் அவர் மகனும் ஏணி போட்டுக் கவாத்துச் செய்துகொண்டிருந்தார்கள். போன ஆண்டு வளர்ந்த கொப்பின் நுனியருகே உள்ள மொட்டுகளிலிருந்து வசந்தத்தில் புதுத் தளிர் நீளும். அந்தத் தளிரின் இலைக்கக்கத்தில்தான் பூ வரும். வேலி கத்தரிப்பதுபோல நுனிகளை ஒரே சீராக வெட்டித் தள்ளினால் அடுத்த ஆண்டு இலைதான் மிஞ்சும். ஒருமுறை காய்த்த கொப்பு மறு ஆண்டு காய்ப்பது அபூர்வம் என்பதால், அறுவடையில் கொப்போடு வெட்டுவதால் மரத்துக்கு நஷ்டமில்லை. பாதிக் கவாத்து அப்போதே முடிந்துவிடுகிறது. மகன் ஒவ்வொரு வெட்டுக்கும் முன்னால் கீழே பார்ப்பார். அம்மாள் தலையசைப்பார், அல்லது அசைக்கமாட்டார். கிளையில் காலை ஊன்ற விடுவதே இல்லை. பெர்சிமன் கிளை வளையாது, முறிந்துவிடும். மரத்திலிருந்து விழுந்தவர்களின் கதை எல்லா வீட்டிலும் உண்டு.

மே கடைசியில் பூக்கிறது. வெண்மஞ்சள் பூ, அதைவிடப் பெரிய பச்சைப் புல்லிவட்டம், தேடினால்தான் தெரியும். ஜூனில் பிஞ்சு தானாகவே கொட்டும். கொட்டாமல் நின்றதிலும் கையால் கழித்து, கொப்புக்கு ஒன்றாக விடுகிறார்கள். கோடை முழுவதும் மருந்தடிப்பு, புல்வெட்டு; பார்ப்பவனுக்கு அலுப்பு.

பச்சைக் காயின் துவர்ப்புக்கும் தனித் தொழில் இருக்கிறது. கியோட்டோவின் தென்பகுதியில் கோடை முடிவில் துவர்க்காய்களை நசுக்கிப் பிழிந்து, புளிக்கவைத்து, ஆண்டுக்கணக்கில் ஊறவிடுகிறார்கள். அந்தப் பழுப்புச் சாறு காகிதத்துக்கும் துணிக்கும் மரத்துக்கும் உறுதி தந்தது, மீன்வலைக்கும் பூசினார்கள். நம் பனிச்சை மரமும் பெர்சிமனின் பேரினத்துக்காரன்தான். பனிச்சங்காய்ச் சாற்றை வலைக்கும் படகுக்கும் பூசிய வழக்கம் நம் பக்கமும் இருந்தது. கருங்காலியும், பீடி சுற்ற இலை தரும் மரமும் இந்தப் பேரினத்தில் வருபவைதான்.

மட்சுசாதோவில் பெரும்பாலும் கோஷூ ஹ்யாகுமே என்ற பெரிய ரகம். ஒரு பழம் 350 கிராமைத் தொடும். நவம்பரில் கொட்டகைக்குள் தோல் சீவும் இயந்திரம் சுழல்கிறது. அதற்கு முன் புல்லிவட்டத்தின் ஓரத்தைக் கத்தியால் வட்டமாக நறுக்கிப் பழத்தின் தோள்பட்டையைச் சுத்தம் செய்வது கைவேலை. அதைச் செய்கிற பெண்கள் பெரும்பாலும் எழுபதைத் தாண்டியவர்கள். கறை ஏறி விரல்கள் கறுத்திருக்கின்றன. தோலையும் எறிவதில்லை. காயவைத்து முள்ளங்கி ஊறுகாயில் போட்டால் இனிப்பு இறங்குகிறது. சீவிய பழத்தைக் கந்தகப் புகை காட்டித் தொங்கவிடுகிறார்கள். நிறம் நிற்கவும் பூஞ்சை வராதிருக்கவும் அது வேண்டும் என்கிறார்கள்.

சீவிய பழத்தை ஒரு கடி கடித்துப் பார்த்தேன். நாக்கு இழுத்துப் பிடித்துக்கொண்டது. பெண்கள் சிரித்தார்கள். இத்தனைக்கும் சர்க்கரை அப்போதே உள்ளே நிறைய இருக்கிறது. துவர்ப்பைத் தரும், கரையும் டானின் அதை மறைக்கிறது, அவ்வளவுதான். தோல் போன பழத்தின் மேற்பரப்பு காய்ந்து இறுகும்போது உள்ளே காற்று போவது குறைகிறது. பழம் மூச்சுத் திணறி அசிட்டால்டிஹைடை உண்டாக்க, அது டானினைக் கோத்துக் கரையாத பொருளாக்கிவிடுகிறது. டானின் அங்கேயே இருக்கும், நாக்குக்கு எட்டாது.

இந்த முதல் நாட்கள்தாம் ஆபத்து. வெயில், வறண்ட காற்று, குளிர் இரவு மூன்றும் வேண்டும். வெதுவெதுப்பான மழை இரண்டு நாள் சேர்ந்தாற்போல் பெய்தால் பூஞ்சை. "முன்னெல்லாம் நவம்பர் நவம்பராக இருந்தது" என்றார் அம்மாள். கொட்டகை மூலையில் பெரிய மின்விசிறி நின்றது. அதை அவருக்குப் பிடிக்கவில்லை என்பது மட்டும் தெரிந்தது.

மேல்புறம் இறுகியதும் பிசையத் தொடங்குகிறார்கள். பரோட்டா மாவு பிசைகிற வேகம் இங்கே ஆகாது. கட்டைவிரலால் நடுச்சதையின் கட்டியை மெல்ல உடைக்க வேண்டும். இறுகிய மேல்புறம் கிழிந்தால் சாறு வடிந்து அந்தப் பழம் போச்சு. பிறகு கயிற்றிலிருந்து இறக்கித் தட்டுகளில் பரப்பி, புரட்டிப் புரட்டி வெயில் காட்டுகிறார்கள். உள்ளிருந்து வெளியேறும் சர்க்கரை வெண்மாவாகப் படியும்போது பழம் தயார். எடை மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கியிருக்கும். டிசம்பர் இறுதியில், ஆண்டுமுடிவுப் பரிசுக்காகப் பெட்டிகளில் ஏறுகிறது. நல்ல பழத்தின் விலை கேட்டால் மலைப்பாக இருக்கும். எத்தனை முறை கைபட்டது என்று பார்த்தவனுக்கு அது அதிகமாகத் தோன்றாது.

மர உச்சியில் ஒரு பழத்தைப் பறவைக்கென விட்டுவைப்பது பழைய வழக்கம். இப்போது ஜப்பானில் பல ஊர்களில் அதற்கு நேர் எதிரான அறிவிப்பு: பறிக்காத பெர்சிமன் கரடியை ஊருக்குள் அழைத்துவருகிறது, எல்லாவற்றையும் பறித்துவிடுங்கள், முடியாவிட்டால் மரத்தை வெட்டுங்கள். பிள்ளைகள் நகரத்துக்குப் போய்விட்ட வீடுகளில் ஏணி ஏற ஆள் இல்லை. அம்மாளின் அடுத்த வீட்டு மரமும் அப்படித்தான், பழம் பழுத்து அழுகி விழுகிறது. அதை வெட்டிவிடுவதென்று முடிவாகியிருக்கிறது. வெட்டவும் ஆள் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.