லோதேபாரில் இருந்தவன்

ஜூன் 11

அப்பாவுக்கு வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் நின்றுவிட்டது. மூளையின் இடது பக்கம் ரத்தக்குழாய் அடைத்திருக்கிறதாம். வார்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். எழுதாவிட்டால் எதுவும் மனசில் நிற்காது போலிருக்கிறது.

ஜூன் 14

ஜெபிக்க வாய் வரவில்லை. சங்கீதம் 88-ஐ வாசித்தேன். மற்றப் புலம்பல்களில் எங்காவது ஓரிடத்திலாவது நம்பிக்கை எட்டிப்பார்க்கும். இது இருளிலேயே முடிந்துவிடுகிறது. இப்படி ஒரு ஜெபத்தையும் வேதத்தில் விட்டுவைத்திருக்கிறாரே ஆண்டவர். இன்றைக்கு அது போதும்.

ஜூன் 23

வீட்டுக்கு வந்துவிட்டோம். கஞ்சி கொடுக்கும் விதத்தை நர்ஸ் சொல்லிக்கொடுத்து அனுப்பினார். மோவாயை நெஞ்சுப் பக்கம் தாழ்த்த வேண்டும். கரண்டியை இடது கடைவாயில் வைக்க வேண்டும். தொண்டை ஏறி இறங்கினதைப் பார்த்த பிறகுதான் அடுத்த கரண்டி. கடைசியில் வலது கன்னத்துக்குள் பருக்கை தங்கியிருக்கிறதா என்று விரல் விட்டுப் பார்க்க வேண்டும். ஒரு கிண்ணம் கஞ்சிக்கு முக்கால் மணி நேரம் ஆகிறது.

உபதேசியாராக ஊர் ஊராகச் சைக்கிளில் போய்ப் பிரசங்கம் பண்ணியவர். இப்போது அவருக்கு மிஞ்சியிருப்பது ஒரே வார்த்தை, "ஆமா". காபி வேணுமாப்பா? ஆமா. வேண்டாமா? ஆமா.

ஜூன் 25

சபையிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். ஜெபம் முடிந்ததும் ஒருவர், "உபதேசியார் மனசுல விசுவாசம் குறைஞ்சிரக் கூடாதும்மா, அது குறைஞ்சா சுகம் தடைப்படும்" என்றார். அப்பா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஆமா" என்றார்.

அவர்கள் போன பிறகு வெகுநேரம் கை நடுங்கியது. பேச முடியாமல் படுத்திருப்பவரிடம் போய் விசுவாசக் கணக்கு கேட்பார்களா? மாற்கு 2-ஆம் அதிகாரத்தை எடுத்து வைத்துக்கொண்டேன். கப்பர்நகூமில் நாலு பேர் ஒரு திமிர்வாதக்காரனைத் தூக்கிவந்து, கூட்டத்தால் உள்ளே போக முடியாமல், கூரையைப் பிரித்து இறக்குகிறார்கள். இயேசு பார்த்தது அவர்களுடைய விசுவாசத்தை. படுத்துக்கிடந்தவன் அந்தக் கதை முழுக்க ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லை. அவனிடம் யாரும் ஒன்றும் கேட்கவுமில்லை. பாவமன்னிப்பு முதலில் கிடைத்தது, சுகம் பிறகுதான் வந்தது. அந்த மனுஷர் மறுபடி வந்தால் இதைச் சொல்லிவிட வேண்டும்.

ஜூலை 2

இன்று யார்மேலும் அன்பு வரவில்லை.

ஜூலை 9

அப்பா பாடினார்!

அம்மா விளக்கேற்றும்போது வேதநாயக சாஸ்திரியார் கீர்த்தனை ஒன்றை முணுமுணுத்தாள். இரண்டாவது அடியில் அப்பா சேர்ந்துகொண்டார். வார்த்தை வார்த்தையாக, தெளிவாகப் பாடினார். அம்மா நிறுத்தவில்லை. நிறுத்தினால் அதுவும் போய்விடுமோ என்று பயம். மூன்று சரணமும் பாடி முடித்தபின், "தண்ணி வேணுமா?" என்று கேட்டாள். "ஆமா."

டாக்டருக்குப் போன் பண்ணினேன். இடது பக்கம் அடிபட்டுப் பேச்சுப் போனவர்கள் பலருக்குப் பாட்டும் மனப்பாடமான ஜெபங்களும் தங்கிவிடுமாம். பாட்டுக்கு வலது பக்கமும் துணை நிற்கும் என்றார். அம்மாவிடம் சொன்னேன். "அது எந்தப் பக்கமா இருந்தா என்ன மக்கா, அவர் குரலைக் கேட்டேன்" என்றாள்.

ஜூலை 10

இன்று பாட்டும் வரவில்லை. அப்பா அழுதார்.

ஜூலை 16

மாத்திரை வாங்கப் போனபோது பாப்பாத்தியம்மாள் கோயில் பக்கமாகத் திரும்பினேன். கிளோரிந்தா கட்டிய கோயில். அந்தப் பிராமண விதவை ஓர் ஆங்கிலேய அதிகாரியோடு மணமாகாமல் வாழ்ந்தாள் என்று மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் முதலில் ஞானஸ்நானம் கொடுக்க மறுத்தார். அந்த அதிகாரி இறந்தபிறகு 1778-இல் கொடுத்தார். 1785-இல் அவள் கட்டிய கோயிலைப் பிரதிஷ்டை செய்ததும் அவரேதான். மறுக்கப்பட்ட வருஷங்களில் அவள் எப்படி ஜெபித்திருப்பாள்? வெயிலில் நின்று அதையே யோசித்தேன்.

ஜூலை 21

தூக்கம் வரவில்லை. 2 சாமுவேல் 9.

சவுலின் வீட்டாரில் யாராவது மீதியிருக்கிறார்களா என்று தாவீது விசாரிக்கிறான். யோனத்தானுக்காகத் தயவு செய்ய வேண்டுமாம். லோதேபாரில், மாகீரின் வீட்டில் யோனத்தானின் மகன் மேவிபோசேத் இருக்கிறான். இரண்டு காலும் முடம். ராஜா கூப்பிட்டனுப்பியதும் சாவுதான் என்று நினைத்திருப்பான், பழைய ராஜாவின் பேரன் அல்லவா! தன்னைச் செத்த நாய் என்று சொல்லிக்கொள்கிறான். அவன் கேட்டது ஒன்றுமில்லை. தாவீதும் யோனத்தானும் என்றோ செய்துகொண்ட உடன்படிக்கைக்காக அவனுக்கு நிலமும் ராஜாவின் பந்தியில் இடமும் கிடைக்கிறது.

உட்கார்ந்தால் மேசை முடத்தை மறைத்துவிடும் என்று பிரசங்கத்தில் சொல்லக் கேட்டிருக்கிறேன். வேதம் மறைக்கவில்லை. அவன் எப்போதும் பந்தியிலிருந்ததைச் சொல்லிவிட்டு, அதற்கப்புறம் காலைச் சொல்லித்தான் அதிகாரத்தை முடிக்கிறது. அவன் நடந்தான் என்று எங்குமே இல்லை. பின்னால் வேலைக்காரன் சீபா அவன்மேல் கோள் சொல்கிறான், நிலமும் கைமாறுகிறது. கடைசியில் தாவீது பாதியைத் திருப்பித் தரும்போது, ராஜா சமாதானமாய் வந்துவிட்டாரே, எல்லாவற்றையும் சீபாவே எடுத்துக்கொள்ளட்டும் என்கிறான்.

மேவிபோசேத்தைச் சின்ன வயதில் வளர்த்த தாதியை நினைத்தேன். அவனுக்கு ஐந்து வயது. சவுலும் யோனத்தானும் செத்த செய்தி வந்தவுடன் அவனைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறாள், அவசரத்தில் பிள்ளை விழுந்து முடமாகிறான். அவள் பேர் இல்லை. அப்புறம் என்ன ஆனாள் என்றும் இல்லை. யாராவது அவளிடம் ஒரு நல்ல வார்த்தை சொன்னார்களா? அவள் ஓடியிராவிட்டால் அவன் உயிரோடு இருந்திருப்பானா என்பதும் தெரியாதே.

அப்பாவைத் திருப்பிப் படுக்கவைக்கும் நேரம்.

ஆகஸ்ட் 3

அடுத்த சனிக்கிழமை கோயிலில் அசன விருந்து. அரிசி, தேங்காய், ஆடு எல்லாம் வர ஆரம்பித்துவிட்டன. அப்பா எப்போதும் குழம்பு வாளியோடு நிற்பார், கடைசிப் பந்தியில்தான் இலை போட்டு உட்காருவார்.

முதல் பந்தியிலேயே அவரை உட்காரவைக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. எல்லாரும் தரையில் சம்மணம் போட்டிருக்க, அவர் மட்டும் சக்கர நாற்காலியில் இருப்பார். நான் மோவாயைத் தாழ்த்திப் பிடித்து ஊட்டுவேன்.

அண்ணன் சென்னையிலிருந்து சத்தம் போட்டான். "ஊரே பாக்க அப்பாவ இப்படியா கொண்டுபோவே? வீட்டுக்குக் கொடுத்தனுப்பச் சொல்லு." அவன் சொல்வதிலும் பாசம்தான் இருக்கிறது, எனக்குத் தெரியும். அம்மா ஒன்றும் சொல்லவில்லை.

அப்பாவிடமே கேட்டேன். "அசனத்துக்குப் போவோமாப்பா?" "ஆமா." "வீட்டிலயே இருப்போமா?" "ஆமா." கண்ணைப் பார்த்தேன். எனக்குப் பிடிபடவில்லை. நாம் ஜெபிக்கத் தெரியாமல் நிற்கும்போது ஆவியானவரே வாக்குக்கடங்காத பெருமூச்சோடு நமக்காக வேண்டுகிறார் என்று ரோமர் 8-இல் பவுல் சொல்வதை அப்பா எத்தனை சாவு வீட்டில் சொல்லியிருக்கிறார்! அவருடைய "ஆமா"வை மேலே யாராவது பிரித்துப் புரிந்துகொள்கிறார்கள் என்று நம்புகிறேன்.

ஆகஸ்ட் 5

சபை ஐயரிடம் பேசினேன். பின்வாசலில் படி கிடையாது, நாற்காலி நேரே பந்திவரை வரும் என்றார். அண்ணன் இன்னும் சம்மதிக்கவில்லை. வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ்ஸில் வருகிறானாம்.